ஆட்டத்தைச் சொல்லிக் காட்டும் கலை

வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் முன்றிலில் நிற்பவர்க்கு வருணனை எதுவும் வேண்டுவதில்லை. நந்திக்கடற் காற்று முகத்தில் படுகிறது; பறையொலி காதில் விழுகிறது; பொங்கற் பானைகளின் புகை கண்ணைக் கரிக்கிறது. முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்பு நீர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்காக எரிந்து, பின்னர் இவ்விடம் வந்து சேர்ந்த அதிசயத்தை அருகிலிருப்பவர் சொல்லக் கேட்டாலும் சரி, கேளாவிட்டாலும் சரி, கண்ணெதிரே தீபம் நிற்கிறது. ஆனால் அன்றிரவு அங்கு வர இயலாதவர் எத்தனை பேர்! முதுமையால் நடை தளர்ந்தவர், நோயிற் கிடப்பவர், கடல் கடந்து கனடாவிலும் இலண்டனிலும் வாழ்பவர் ஆகிய இவர்களுக்கெல்லாம் திருவிழா என்பது ஒருவருடைய குரலேயன்றி வேறில்லை. அக்குரல் தடுமாறினால் தேர் தடுமாறுகிறது. அக்குரல் வாய்க்கு வந்ததை அளந்தால் அவர்கள் கண்ட திருவிழாவும் பொய்யாகிறது.

இலங்கை வானொலி நேயர்களுக்கு இது புதிய செய்தியன்று. நல்லூர்த் தேரையும் பிற கோயில் விழாக்களையும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே நேர்முக வருணனையாகக் கேட்டுக் கைகூப்பிய தலைமுறை ஒன்று நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதற்கும் முற்பட்டது நம் கூத்துமேடை. முல்லைத்தீவுப் பகுதியில் வழிவழியாக ஆடப்பட்டு வரும் கோவலன் கூத்தைக் கண்டோர் கட்டியகாரனை மறந்திருக்க மாட்டார். அரசன் வருமுன் அவன் வருகிறான். வரப்போவது யார், எத்தகையவர் என்பதைச் சொல்லிச் சபையை ஆயத்தம் செய்கிறான். நிகழ்வுக்கும் பார்ப்பவருக்கும் இடையில் நின்று பேசும் உத்தியோகம் வன்னி மண்ணுக்குப் பழக்கமானதே என்பதற்காகவே இதனை இங்குக் குறிப்பிட்டேன்.

நிற்க. இக்கலைக்கு இன்று எதிர்பாராத ஒரு களம் வாய்த்திருக்கிறது. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இளைஞர் ஆடும் காணொளி ஆட்டங்களைப் பல்லாயிரவர் இருந்து பார்க்கிறார்கள். அந்த ஆட்டம் நடக்கும்போதே ஒருவரோ இருவரோ இருந்து அதனை வருணிக்கிறார்கள். தென்கொரியாவில் இத்தகைய ஆட்டங்களுக்கென்றே 2000ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பெற்றது. 2011இல் டுவிச் என்னும் இணையத்தளம் தோன்றியபின், அறைக்குள் இருந்தபடி எவரும் உலகத்தாரைக் கூப்பிட்டுத் தம் ஆட்டத்தைக் காட்டலாம் என்ற நிலை ஏற்பட்டது. 2018இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் இவ்வாட்டங்கள் காட்சிப் போட்டியாக இடம்பெற்றன. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற விழாவிலோ பதக்கத்துக்குரிய போட்டியாகவே அமைந்துவிட்டன. இச்செய்திகளை அறியாத பெரியோர் இருக்கலாம். அறியாத பள்ளிப் பிள்ளை ஒருவரும் இரார்.

“விளையாடுவதே வீண்காலம். அதை ஒருவன் பார்த்துச் சொல்ல, இன்னொருவன் அதைக் கேட்பதாமோ?” என்று பாட்டனார்கள் முனகுவது என் காதில் விழாமலில்லை. ஆயினும் அதே பாட்டனார் தம் இளமையில் வானொலிப் பெட்டிக்கு முன் அமர்ந்து, கண்ணால் காணாத கிரிக்கெட் ஆட்டத்துக்காக உணவையும் மறந்தவராக இருப்பார் என்பதையும் நான் அறிவேன். ஆகவே வழக்கை அத்துடன் விட்டு, இக்கலையில் புதிதாகப் புகும் பிள்ளை அதில் எங்ஙனம் தேர்ச்சி பெறலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய கதை. 1927ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் தேதி, இலண்டனை அடுத்த டுவிக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் நடந்த றக்பி ஆட்டமே பி.பி.சி. ஒலிபரப்பிய முதலாவது விளையாட்டு நேர்முக வருணனை. வருணித்தவர் டெடி வேக்லம் என்பவர். தாமே றக்பி ஆடியவர். ஒலிவாங்கிக்கு முற்றிலும் புதியவர். அவருக்குத் துணையாக நிலையத்தார் செய்த ஏற்பாடு மிக அருமையானது. பார்வையிழந்தோர் இல்லம் ஒன்றிலிருந்து ஒருவரை அழைத்து வந்து அவர் அருகில் அமர்த்தி, “உலகத்துக்குச் சொல்ல வேண்டாம், இவருக்குச் சொல்லும்” என்ற பொருள்பட அறிவுறுத்தினர். வாய்தவறித் தகாத சொல் வந்துவிடாதிருக்க, ஓர் எச்சரிக்கைச் சீட்டையும் கண்ணெதிரே வைத்தனராம். ஒரு வாரங் கழித்து ஆர்சனல் – ஷெஃபீல்ட் யுனைட்டட் உதைபந்தாட்டம் வருணிக்கப்பட்டபோது, மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்ட படம் ஒன்று வானொலிச் சஞ்சிகையில் அச்சாகியிருந்தது. பந்து எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை இரண்டாவது குரல் ஒன்று எண்ணாகச் சொல்லிக் கொண்டிருக்கும். கேட்பவர் படத்தை மடியில் வைத்து விரலால் தொடர்ந்தனர்.

அந்தப் பார்வையற்ற நண்பரைப் பற்றி எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மிகுகிறது. ‘மாபெரும் மக்கள் கூட்டம்’ என்ற எண்ணம் ஒருவனை மேடைப் பேச்சாளனாக்கி விடுகிறது. ‘பக்கத்தில் இருக்கும் ஒரே ஒருவர்’ என்ற எண்ணமோ அவனை உண்மை சொல்பவனாக்குகிறது. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கும் இதே ஏற்பாட்டைச் சிபாரிசு செய்வேன். பாட்டியோ, கண்ணிற் புரை விழுந்த அயலவரோ யாராயினும் சரி, கைத்தொலைபேசித் திரையைப் பாராமல் உன் குரலை மட்டும் கேட்டு, “இப்போது யார் முன்னே நிற்கிறார்?” என்று கேட்பதற்கு ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அவர் மூன்று முறை அதே கேள்வியைக் கேட்டால் நீ அணியின் பெயரையும் எண்ணிக்கையையும் சொல்ல மறந்து விட்டாய் என்பது தெளிவு. வானொலி வருணனையில் தேர்ந்தவர்கள் இரண்டொரு நிமிடத்துக்கு ஒரு தடவையேனும் நிலவரத்தைச் சொல்வர். ஏனெனில், வானொலியை அப்போதுதான் திருப்பியவர் ஒருவர் எப்போதும் இருப்பார்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. காணொளி ஆட்டத்தைப் பார்ப்பவருக்குக் கண் இருக்கிறது; திரையும் இருக்கிறது. வீரன் இடப்பக்கம் ஓடுவதை அவரே பார்க்கிறார். “இடப்பக்கம் ஓடுகிறான்” என்று நீயும் சொன்னால் அது வருணனை ஆகாது, எதிரொலி ஆகும். வானொலிக்காரனுக்கு ‘என்ன நடக்கிறது’ என்பதே பெரும்பகுதி. திரைக்கு முன் பேசுபவனுக்கோ ‘ஏன் நடக்கிறது, அடுத்து என்ன நடக்கக்கூடும்’ என்பதே பெரும்பகுதி. அவுஸ்திரேலிய கிரிக்கெட் அணித்தலைவராயிருந்த றிச்சி பெனோ 1956இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்ததும் நாடு திரும்பாமல் இலண்டனில் தங்கி பி.பி.சி.யில் பயிற்சி பெற்றவர். பின்னர் பல தசாப்தங்கள் தொலைக்காட்சி வருணனையில் கொடிகட்டிப் பறந்தவர். திரையில் தெரிவதற்கு மேலாக ஏதேனும் சேர்க்க முடியுமானால் மட்டும் வாயைத் திறக்க வேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த நியமம். அவருடைய மௌனங்களைப் பற்றியே இன்றும் பேசுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ மௌனம் என்றால் அச்சம். நேரலையில் இரண்டு விநாடி சத்தம் நின்றால் பார்ப்பவர் ஓடிவிடுவார் என்று கருதி, மூச்சு விடாமல் பேசுகின்றனர். பேச்சு நிற்கும் அந்த இரண்டு விநாடியில்தான் பார்ப்பவர் நெஞ்சு அடித்துக் கொள்கிறது என்பதை அவர்கள் அறிவதில்லை.

ஆகவே பழகும் முறையை இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம். முதல் மாதம் வானொலிக்காரனைப் போல, திரையைப் பாராத ஒருவருக்காகப் பேச வேண்டும். கண்ணில் பட்டதை உடனே சொல்லாக்கும் வேகம் அதனால் வரும். அடுத்த மாதம் திரையைப் பார்ப்பவருக்காகப் பேச வேண்டும். சொல்லாமல் விடும் துணிவு அதனால் வரும். வரிசை மாறினால் பயனில்லை என்பது என் அபிப்பிராயம். சொல்லத் தெரியாதவன் மௌனமாயிருப்பதில் பெருமை ஏதும் இல்லையன்றோ!

தமிழ்மொழியின் அமைப்பு இக்கலையில் எழுப்பும் ஓர் இடையூற்றைப் பற்றி ஆசிரியர்மார்கூட அதிகம் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவில் வந்துவிடுகிறது. தமிழிலோ அது கடைசியில் வருகிறது. “நடுக்களத்திலிருந்து வந்த பந்தை மார்பில் தாங்கி, வலப்புறம் திரும்பி, இரு தடுப்பாளரையும் கடந்து, கோலை நோக்கி…” என்று தொடங்கினால், ‘உதைக்கிறார்’ என்ற சொல் வாயில் வருமுன் பந்து வலைக்குள் போய்க் கிடக்கும். அடுத்த அணி பந்தை நடுவில் வைத்து ஆட்டத்தையும் மீளத் தொடங்கிவிடும். எழுத்தில் அழகாயிருக்கும் நீண்ட வினையெச்சத் தொடர் நேரலையில் கழுத்தை நெரிக்கும் கயிறு. கைகண்ட வருணனையாளர் அதனை வெட்டி வெட்டிப் பேசுவர். “பந்து நடுக்களத்தில். மார்பில் தாங்கினார். திரும்புகிறார். ஒருவரைக் கடந்தார். இன்னொருவர் முன்னே… உதை!” இங்கே சில வாக்கியங்களுக்கு வினையே இல்லை, இருந்தாலும் பொருள் குறையவில்லை. நடந்து முடிந்ததற்கு இறந்தகாலமும், நடந்து கொண்டிருப்பதற்கு நிகழ்காலமும் தாமாகவே வந்து பொருந்துவதையும் கவனிக்க. நீண்ட வாக்கியங்களை ஆட்டம் ஓய்ந்திருக்கும் வேளைக்கு வைத்துக் கொள்ள வேண்டும்.

இன்னொன்று மரியாதை விகுதி. உண்மையான ஆட்டக்காரர் ஓர் இளைஞர். திரையில் ஓடுவது ஒரு பொம்மை. ‘ஓடுகிறார்’ என்பதா, ‘ஓடுகிறான்’ என்பதா? பலரும் இரண்டையும் கலந்து கட்டி, ஒரே மூச்சில் ஒருவரை உயர்த்தியும் தாழ்த்தியும் விடுகின்றனர். தன் ஊர் அணிக்கு ‘ஆர்’, எதிரணிக்கு ‘ஆன்’ என்று விகுதியிலேயே கட்சி கட்டுவோரும் உளர்! ஆட்டக்காரர் எவராயினும் ‘ஆர்’ என்றே சொல்லப் பழகிவிட்டால் தொல்லை தீர்ந்தது. பெண்பிள்ளைகளும் இவ்வாட்டங்களில் இறங்கியிருக்கும் இக்காலத்தில், புனைபெயரை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்துத் தவறிழைக்கும் சங்கடமும் இதனால் தவிர்க்கப்படும்.

தமிழில் போதிய சொல் உண்டா என்ற கேள்வி எப்போதும் எழுவது. கரம்பனில் பிறந்து, இலங்கை வானொலியிலும் பி.பி.சி.யிலும் பணியாற்றி, அங்குத் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் சோ. சிவபாதசுந்தரம். அவர் 1954இல் ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலை வெளியிட்டபோது, இத்துறைக்குத் தமிழில் நூல் எழுத முடியும் என்பதே பலருக்குப் புதுமையாக இருந்திருக்கும். 1980ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை வானொலி கிரிக்கெட்டைத் தமிழில் வருணிக்கத் தொடங்கிய காலத்தில், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், இராமமூர்த்தி முதலியோர் ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்தனர். இவர்களுள் அப்துல் ஜப்பார் இளமையில் இலங்கை வானொலி நாடகங்களில் நடித்துக் குரல் பழகியவர், 2020இல் காலமானார். கூத்தபிரானோ சிறுவர் நிகழ்ச்சிகளால் வீடுதோறும் அறிமுகமானவர். நாடகமும் கதைசொல்லலும் அறிந்தவர்கள் விளையாட்டு வருணனைக்கு வந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. கிரிக்கெட்டைத் தமிழில் சொன்னால் யார் கேட்பார் என்ற ஐயம் அவர்கள் வாய் திறந்ததும் அகன்றது. நம் நாட்டிலும் துடுப்பாட்டம், பந்துவீச்சு, களத்தடுப்பு, ஓட்டம், இலக்கு என்ற சொற்கள் இன்று எவர் செவிக்கும் உறுத்துவதில்லை. அவையும் ஒருநாள் புதிய சொற்களாயிருந்தவையே.

காணொளி ஆட்டங்களுக்கு அத்தகைய சொற்கள் இன்னும் முற்றாக உருவாகவில்லை. எல்லாவற்றையும் தமிழாக்கிக் கேட்பவரைத் திணறடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘ஸ்குவாட்’ என்பது பிள்ளைகள் நாவில் படிந்துவிட்டது, அது இருக்கட்டும். ஆனால் நாலாபுறமும் சுருங்கி வரும் பாதுகாப்பு எல்லையை ‘வளையம்’ என்று சொல்வதில் என்ன குறை? ‘வளையம் சுருங்குகிறது’ என்னும்போது ஆட்டம் அறியாத தாயாருக்கும் ஆபத்து விளங்கிவிடுகிறது. மறைவிடம், மேட்டுநிலம், எதிரணி, கடைசி இருவர் போன்ற எளிய சொற்களே ஆட்டத்தின் பெரும்பகுதியைச் சுமந்துவிடும். ஒரு கொப்பியை எடுத்து இருபது சொற்களை எழுதி, அவற்றை மட்டும் ஒரு மாதம் விடாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். நண்பர்கள் சிரித்த சொல்லை அடித்துவிட வேண்டும். சிரிக்காமல் கடந்து போன சொல் நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

நேரே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் மிகுதியாக ஆடும் ஆட்டங்கள் துப்பாக்கி ஆட்டங்கள். ஐம்பது பேரோ நூறு பேரோ ஒரு தீவில் இறங்கி, ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் எஞ்சுபவர் வெல்லும் ஆட்டங்கள். இவற்றின் வருணனை கொழும்பில் ஒருவிதமாகவும், சென்னையில் ஒருவிதமாகவும், வற்றாப்பளையில் வேறுவிதமாகவும் காதில் விழும். நந்திக்கடலுக்கு அப்பால்தான் முள்ளிவாய்க்கால் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தை இவ்வூரில் நாற்பது வயது கடந்த எவரும் மறந்திலர். மண்சுவருக்கு அந்தப்புறம் ஒரு பதினைந்து வயதுப் பையன், “குண்டு விழுகிறது! ஓடு, ஓடு! இன்னும் மூன்று பேர்தான் உயிரோடு!” என்று உற்சாகமாகக் கூவும்போது, இந்தப்புறம் சமைத்துக் கொண்டிருக்கும் அவன் தாயின் கை ஒரு கணம் நின்றுவிடுமாயின், அதற்கு யாரைக் குறை சொல்வது? பையனுக்கு அது ஆட்டம். அவன் பிறந்ததே அதற்குப் பிறகு.

இதற்காக ஆட்டத்தையே தடை செய்ய வேண்டும் என்று வாதிப்போரை நான் மதிக்கிறேன். அவர்களோடு உடன்பட முடியவில்லை. தடுத்த ஆட்டத்தை மறைவிலே ஆடுவார்கள். வீட்டில் எவர்க்கும் தெரியாத ஒன்றாக அது ஆகிவிடும். ஆனால் வருணிப்பவன் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும். ‘கொன்றார்’ என்பதற்கு ‘வெளியேற்றினார்’ எனலாம். ‘செத்தார்’ என்பதற்கு ‘ஆட்டமிழந்தார்’ எனலாம். பிந்திய சொல் கிரிக்கெட்டிலிருந்து வந்தது. அதில் எவருக்கும் காயமில்லை. ‘உயிரோடு எஞ்சியவர்’ என்பதிலும் ‘களத்தில் எஞ்சியவர்’ என்பது மேல். இவ்வாறு மாற்றினால் விறுவிறுப்புக் குன்றும் என்று பையன்கள் வாதிடக்கூடும். குன்றாது. விறுவிறுப்பு இருப்பது குரலின் ஏற்ற இறக்கத்திலும், சொல்லும் கணத்தின் பொருத்தத்திலும். இரத்தத்தைச் சொல்லித்தான் பரபரப்பூட்ட வேண்டுமாயின் அவ்வருணனையில் வேறு சரக்கு இல்லை என்பதே பொருள். தொடங்குபவர் உதைபந்தாட்டத்தையோ கிரிக்கெட்டையோ ஒட்டிய காணொளி ஆட்டத்தில் முதலில் பழகுவது இன்னும் நல்லது. 2023 வரை ‘பிஃபா’ என்ற பெயரில் வெளிவந்த உதைபந்தாட்டக் காணொளி ஆட்டம் இப்போது வேறு பெயரில் வருகிறது. அதன் விதிகளைப் புதிதாக எவரும் கற்க வேண்டியதில்லை. ஒரே பந்து, ஒரே களம். கண் எங்கே இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. துப்பாக்கி ஆட்டத்திலோ ஒரே வேளையில் நாலு இடத்தில் நாலு சண்டை நடக்கும். எதைக் காட்டுவது என்று முடிவு செய்பவர் வேறொருவர். அவர் காட்டாததைப் பற்றிப் பேசினால் பார்ப்பவர் குழம்புவார். பழகாதவர்க்கு அது சேற்றில் சைக்கிள் ஓட்டுவதை ஒக்கும்.

அன்றாடப் பயிற்சிக்கு வருவோம். முன்னமே பதிவான ஆட்டம் ஒன்றை எடுத்து, அதன் ஒலியை முற்றாக அடக்கிவிட்டு, பத்து நிமிடம் அதன்மேல் பேசிக் கைத்தொலைபேசியில் பதிவு செய்க. உடனே கேட்க வேண்டாம், மறுநாள் கேட்க. பேசியதை ஒரு சொல்லும் விடாமல் கொப்பியில் எழுதுவது அதனிலும் மேல். எழுதும்போதுதான் ‘பார்த்தீங்க எண்டா’ என்ற தொடர் பத்து நிமிடத்தில் எத்தனை முறை வந்திருக்கிறது என்பது தெரியும். அதனை முற்றாக நீக்க முயல வேண்டாம். எண்ணிக்கையைப் பாதியாக்கினாற் போதும். தன் குரலைத் தானே கேட்பது முதலில் எவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றித் தலையெலும்பின் வழியாகவும் நமக்குக் கேட்கிறது. பதிவிலே அவ்வெலும்பின் கனம் இல்லாமையால் குரல் மெலிந்து அந்நியமாக ஒலிக்கிறது. குரல் கெட்டுவிட்டதென்று எவரும் வருந்த வேண்டியதில்லை.

ஆரம்பத்திலேயே உச்சஸ்தாயியில் தொடங்குவது பெருங் குறை. முதல் நிமிடத்திலேயே கத்திவிட்டால் வெற்றிக் கணத்துக்கு மிச்சம் என்ன இருக்கிறது? மாட்டுவண்டிச் சவாரியை ஒலிபெருக்கியில் சொல்பவரைக் கவனியுங்கள். வண்டிகள் வரிசைப்படும்போது அவர் நிதானமாக உரிமையாளரின் ஊரையும் பெயரையும் சொல்வார். விட்ட பின்னர் சொல் குறைகிறது, வேகம் கூடுகிறது, எல்லைக்கோடு நெருங்கும்போது மாட்டின் பெயரொன்றே திரும்பத் திரும்ப வருகிறது. அவருக்கு இதை எவரும் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இருவராகப் பேசுவது தனியே பேசுவதைவிட எளிது என்று எண்ணுவோர் உளர். உண்மையில் அது கடினம். ஒருவர் நிகழ்வைச் சொல்ல, மற்றவர் அதன் நுட்பத்தை விளக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். விளக்குபவர் ஆட்டம் தணியும்போது பேசத் தொடங்கி, அது சூடேறுமுன் வாக்கியத்தை முடித்துவிட வேண்டும். இங்கும் வினைச்சொல் கடைசியில் வருவது தொல்லை தருகிறது. முடியாத வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடும் பெருந்தன்மை அவருக்கு வேண்டும். தோளில் மெல்லத் தட்டினால் ‘இனி நீ’ என்று பொருள் என இருவரும் முன்னதாகவே பேசிக் கொள்வது நலம். அண்ணன் தம்பியர், அக்காள் தங்கையர் சேர்ந்து பேசினால் இயல்பாகவே ஒத்துப் போகும் என்பது பொய். அவர்கள்தாம் ஒருவர் பேச்சை ஒருவர் அதிகம் வெட்டுகின்றனர்!

குரலில் எவ்வூர்த் தமிழ் இருக்க வேண்டும்? இணையத்தில் நம் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் சென்னைத் தமிழ். ஆகவே ஒலிவாங்கியைத் தொட்டவுடன் முள்ளியவளைப் பையனுக்கும் சென்னைக் குரல் வந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் பதற்றமான கட்டம் வந்ததும் ‘எண்டு’, ‘கிடக்கு’ என்று தன் தமிழுக்குத் தாவிவிடுகிறான். அந்தத் தாவலில்தான் அவனுடைய உண்மையான குரல் இருக்கிறது. நிதானமான பகுதிகளில் எல்லோருக்கும் விளங்கும் பொதுத்தமிழும், வேகமான இடங்களில் தன் ஊர்த்தமிழும் கலந்து வருவதில் எனக்கு ஆட்சேபமில்லை. இரவல் குரலில் பேசுபவருக்குச் சொல் தேடுவதோடு உச்சரிப்பையும் தேட வேண்டியிருக்கிறது, இரட்டை வேலை.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கைத்தொலைபேசியோடு வரும் செவிக்கருவியின் ஒலிவாங்கியே தொடக்கத்துக்குப் போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே அன்றிச் சற்றே பக்கவாட்டில் இருந்தால் மூச்சுக்காற்று மோதும் ‘பூ’ என்ற ஒலி குறையும். சீமெந்துச் சுவர் அறைகள் எதிரொலிக்கும்; கொடியில் இரண்டு போர்வைகளைப் போட்டால் அது அடங்கும். கணினி உள்ளவர்க்கு நேரலைக்கான ஓ.பி.எஸ். என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பிறருடைய ஆட்டக் காணொளியை எடுத்துப் பழகுவது வேறு, அதனை அனுமதியின்றி வெளியிடுவது வேறு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். பதின்ம வயதில் குரல் உடையும் பையன்கள் தொண்டை கட்டுமளவு கூவக்கூடாது. இடையிடையே தண்ணீர் குடித்து, கரகரப்புத் தோன்றினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இதனால் வருவாய் வருமா என்று கேட்பீர்கள். மிகச் சிலருக்கே வருகிறது; அந்த நம்பிக்கையில் சாதாரண தரப் பரீட்சையை அடகு வைப்பது அறிவீனம். டேட்டாவுக்குச் செலவாகும் பணமும் சிறிதன்று. பதிவு செய்து பழகுவதற்கு இணையமே வேண்டியதில்லை என்பதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு அரை மணி நேரம் போதும். அவ்வரை மணியில் பிள்ளை பெறுவது, கண்ட ஒன்றை அஞ்சாமல், குழறாமல், மிகைப்படுத்தாமல் சபையில் சொல்லும் ஆற்றல். பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும்போது ஒலிவாங்கியைப் பிடிக்க ஆளின்றி ஆசிரியரே நாள் முழுதும் வெயிலில் நின்று தொண்டை வற்றக் கத்துவதைப் பார்த்திருக்கிறோம். அந்த ஒலிவாங்கியை இப்பிள்ளைகளிடம் ஒருமணி நேரம் கொடுத்துப் பார்க்கலாம். நூறு மீற்றர் ஓட்டம் பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் இல்லத்தின் நிறம், முந்துபவர், முடிவு மூன்றையும் சரியாகச் சொல்பவருக்கு எந்தக் காணொளி ஆட்டமும் கடினமன்று. பிழையாக ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அடுத்த வாக்கியத்திலேயே திருத்திச் சொல்லவும் அங்குதான் பழகுவர். மறைக்க முடியாது, ஓடியவரின் தாயார் கூட்டத்தில் இருப்பார்.

ஊர்ச் சனசமூக நிலையங்களும் இதில் ஒன்று செய்யலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு திரையை இரவல் வாங்கி, உதைபந்தாட்டக் காணொளி ஆட்டம் ஒன்றை வைத்து, இரண்டிரண்டு பிள்ளைகளாகப் பத்து நிமிடம் வருணிக்கச் செய்யலாம். முன்வரிசையில் ஆட்டம் அறிந்த இளைஞர் திரையைப் பார்த்தபடி இருக்கட்டும். பின்வரிசையில் பெரியவர்கள் திரைக்கு முதுகு காட்டி அமரட்டும். முடிந்ததும் முன்வரிசையாரிடம், “தெரியாத எதை இவர்கள் சொன்னார்கள்?” என்றும், பின்வரிசையாரிடம், “எத்தனை கோல், யார் போட்டது?” என்றும் கேட்க வேண்டும். இரண்டு வரிசையும் விடை சொல்லுமாயின் அந்த இருவரையும் அடுத்த மாதம் முழு ஆட்டத்துக்கு அழைக்கலாம். பின்வரிசை விழித்தால் அவர்கள் இன்னொரு மாதம் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து பழகட்டும்.